யாசுகுனிக்குச் செல்லும் ஜப்பானிய நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு, சயாம் ரயில் குடும்பத்திலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். 1981 முதல் கட்சி வேறுபாடு பாராமல் ஒரு குழுவாகச் சேர்ந்து, போரில் இறந்தவர்களைத் தெய்வங்களாக வணங்கும் தோக்கியோவின் யாசுகுனி ஆலயத்துக்குப் போய் வருகிறீர்கள். ஏப்ரலில் வசந்த விழா, ஆகஸ்டு 15, அக்டோபரில் இலையுதிர்கால விழா என்று ஆண்டில் மூன்று தடவை கறுப்பு உடையில் வரிசையாக நீங்கள் ஜப்பானின் பாரம்பரிய மதமான ஷிந்தோவைச் சேர்ந்த அந்த ஆலயத்துக்குள் நுழையும் படம் செய்திகளில் வரும். மறுநாள் பெய்ஜிங்கிலிருந்தும் சியோலிலிருந்தும் கண்டனம் வரும். நாட்டுக்காக இறந்தவர்களை வணங்குவது எங்கள் உள்நாட்டு விஷயம் என்று உங்களில் சிலர் பதில் சொல்வீர்கள். அத்தோடு அடுத்த விழா வரைக்கும் பேச்சு ஓய்ந்துவிடும்.

இந்த வாக்குவாதத்தில் எங்கள் குரல் எங்கேயும் கேட்டதில்லை. நான் மலேசியத் தமிழன். என் தாத்தாவின் அண்ணன் பேராக் மாநிலத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் மரம் சீவிக்கொண்டிருந்தவர். ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, ரயில் சடக்குப் போட அழைத்துப் போனார்கள். திரும்பி வரவில்லை. எந்த முகாமில் இறந்தார், என்ன நோயில் இறந்தார், எந்த நாளில் இறந்தார் என்று எங்களுக்குத் தெரியாது. இறந்த நாள் தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசையில் எள்ளும் நீரும் விடுவது எங்கள் வழக்கம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் செய்து வருகிறோம். அந்தப் பகுதித் தோட்டங்களில் அன்றைக்கு இப்படித் தர்ப்பணம் கொடுத்த குடும்பங்கள் ஏராளம்.

உங்களில் இளையவர்களுக்கு அந்த ரயில் பாதையைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் ஒரு வரிக்கு மேல் சொல்லியிருப்பார்களா என்பது சந்தேகம், அதனால் சொல்கிறேன். தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர். 1942இன் நடுவில் வேலை தொடங்கி, 1943 அக்டோபர் 17 அன்று இரண்டு முனைகளும் கொன்கோய்தாவில் வந்து சேர்ந்தன. பர்மாவில் இருந்த உங்கள் படைக்குக் கடல் வழியாகச் சரக்கு அனுப்புவது ஆபத்தாகிவிட்டதால் மலையையும் காட்டையும் வெட்டி அவசரமாகப் போட்ட பாதை அது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க் கைதிகள் அதில் வேலை செய்தார்கள், பன்னிரண்டாயிரத்துக்கும் மேல் இறந்தார்கள். இவர்களைப் பற்றி உலகத்துக்குத் தெரியும். இவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக, இரண்டு லட்சம் பேர் அளவுக்கு, பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், சீனர், தமிழர் என்று ஆசியக் கூலிகள் அங்கே வேலை செய்தார்கள். மலாயாவிலிருந்து மட்டும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கொண்டுபோகப்பட்டதாகப் போருக்குப் பின் கணக்கெடுத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள்.

முதலில் கூலி, சாப்பாடு, சில மாதத்தில் திரும்பிவிடலாம் என்றெல்லாம் ஆசை காட்டினார்கள். தோட்டத்தில் பால் வெட்டு நின்றுபோய், அரிசி கிடைக்காமல், மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டிருந்த குடும்பங்களுக்கு அது ஒரு வழியாகத் தெரிந்தது. போனவர்கள் யாரும் கடிதம் போடாமல், திரும்பியும் வராமல் போகவே ஆள் கிடைப்பது நின்றது. அப்புறம் லாரி வந்தது. தோட்டத்து எழுத்தரான கிராணியிடம் தலைக்கணக்குக் கேட்டு வாங்கினார்கள். இலவசப் படம் என்று சொல்லிக் கூட்டத்தைக் கூட்டிக் கதவைப் பூட்டி அப்படியே ரயிலில் ஏற்றிய கதையை எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். 1943 மழைக்காலத்தில் முகாம்களில் வாந்திபேதி வந்தது. போர்க் கைதிகளுக்காவது அவர்களோடு பிடிபட்ட மருத்துவர்கள் இருந்தார்கள். பெயர்ப் பட்டியல் வைத்துக்கொள்ள அதிகாரிகள் இருந்தார்கள், ஒளித்து ஒளித்து நாட்குறிப்பு எழுதியவர்கள் இருந்தார்கள். அத்தாப்புக் கொட்டகையில் ஈரத் தரையில் கிடந்த எங்கள் ஆட்களுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. இறந்தவர்களை எரிக்கக்கூட ஆளில்லாமல் குழிகளில் தள்ளினார்கள். 1990இல் காஞ்சனபுரியில் ஒரு கரும்புக் கொல்லையைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கானவர்களின் எலும்புகள் வெளியே வந்தன. தலைமாட்டில் பெயர் சொல்ல ஒரு குச்சிகூட நட்டிருக்கவில்லை.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, இறந்த உங்கள் வீரர்களை வணங்காதீர்கள் என்று கேட்க நான் வரவில்லை. போரில் விழுந்தவனைத் தெய்வமாக்கி வழிபடுவது எங்களுக்கு அந்நியமான காரியம் இல்லை. நடுகல் நட்டு, அதற்கு நீராட்டி, படையல் போட்டு, மழைக்கும் வெற்றிக்கும் அதனிடம் வேண்டிக்கொண்ட சமூகம் எங்களுடையது. தொல்காப்பியம் கல்லைத் தேடுவதிலிருந்து வாழ்த்துவது வரை அதற்கு ஆறு படிகள் சொல்கிறது. ஆநிரை மீட்கப் போய்ச் செத்தவன், ஊரைக் காக்க நின்று செத்தவன் என்று இன்றைக்கும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் அப்படிப்பட்ட கற்களுக்குப் பொங்கல் வைக்கிறார்கள். தந்தையின் உடல்கூட நியூகினியிலிருந்தோ இம்பாலிலிருந்தோ வந்து சேராத ஒரு ஜப்பானிய மகள், அவர் யாசுகுனியில்தான் இருக்கிறார் என்று நம்பி அங்கே கை தட்டிக் கும்பிடுவது எனக்குப் புரிகிறது. அந்தக் கும்பிடுதலில் குறை சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை.

என் கேள்வி உங்களைப் பற்றியது. அந்த மகள் மகளாகப் போகிறாள். நீங்கள் சட்டம் இயற்றுகிறவர்களாக, சில சமயம் அமைச்சர்களாக, பிரதமராக, அரசின் முகமாகப் போகிறீர்கள். இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்தது பெய்ஜிங் இல்லை. உங்கள் அரசியல் சட்டமே அதைச் சொல்கிறது. 1947இல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டத்தின் 20ஆம் பிரிவு அரசும் அதன் உறுப்புகளும் எந்த மதச் செயலிலும் ஈடுபடக் கூடாது என்கிறது. 89ஆம் பிரிவு பொதுப் பணத்தை மத நிறுவனத்துக்குச் செலவிடக் கூடாது என்கிறது. இந்த வரிகள் ஏன் வந்தன என்பதற்கு யாசுகுனியின் வரலாறே விளக்கம். 1869இல் மெய்ஜி பேரரசரின் ஆணையால் உருவான ஆலயம் அது. 1945 வரை தரைப்படை, கடற்படை அமைச்சகங்களின் கையில் இருந்தது. பேரரசருக்காகச் செத்தால் இங்கே தெய்வமாவாய் என்று அரசே வாக்குக் கொடுத்து இளைஞர்களைக் கப்பலேற்றியது. போருக்குப் பின் 1946இல்தான் அது ஒரு தனி மத நிறுவனம் ஆனது. 1969 முதல் 1974 வரை அதை மறுபடியும் அரசின் கைக்குள் கொண்டுவர ஆளுங்கட்சி திரும்பத் திரும்ப மசோதா கொண்டுவந்து தோற்றது. அப்போது எதிர்த்தவர்களில் உங்கள் நாட்டுப் பௌத்தர்களும் கிறிஸ்தவர்களும் முன்னால் நின்றார்கள்.

அப்படியிருக்க, சுற்றி வளைத்து ஒரு வழி தேடியிருக்கிறார்கள். 1975 ஆகஸ்டு 15 அன்று பிரதமர் மிக்கி தனி மனிதராகப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அரசுக் காரில் போனாரா, வருகைப் பதிவேட்டில் பதவியை எழுதினாரா, காணிக்கைப் பணம் யாருடையது என்று அளந்துகொண்டிருப்பதே வழக்கமாகிவிட்டது. 1985 ஆகஸ்டு 15 அன்று நகசோனே வெளிப்படையாகவே பிரதமராகப் போனார், மலர்க் காணிக்கைக்கு 30,000 யென் அரசுப் பணத்திலிருந்து கொடுத்தார். ஆனால் அரசியல் சட்டத்துக்குப் பயந்து ஷிந்தோ முறைப்படி இரண்டு தடவை வணங்கி, இரண்டு தடவை கை தட்டி, மறுபடி வணங்கும் சடங்கைத் தவிர்த்து, ஒரே ஒரு தடவை தலை குனிந்துவிட்டு வந்தார். அன்றைய தலைமைக் குருக்கள் மட்சுதைரா அதில் கோபப்பட்டார். ஒரு பக்தனாக யோசித்தால் அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஒரு கோயிலுக்கு வந்து, கோயில் முறையை மட்டும் விட்டுவிட்டுக் கும்பிடுகிறேன் என்றால் அது யாருக்கான கும்பிடு? அரசு உள்ளே வந்தால் அரசியல் சட்டத்துக்கு மட்டுமல்ல, அந்த வழிபாட்டுக்கும் காயம் படுகிறது. மதத்தை நேசிப்பவர்கள்தான் முதலில் இதை எதிர்க்க வேண்டும்.

உங்கள் நீதிமன்றங்கள் இதைப் பற்றிப் பேசாமல் இல்லை. எஹிமே மாகாண ஆளுநர் யாசுகுனிக்கும் உள்ளூர் ஆலயத்துக்கும் கொடுத்த காணிக்கை மொத்தமே 1,66,000 யென்தான். ஆனாலும் அது அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று 1997 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் 13க்கு 2 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. தொகை சிறியது, அரசு ஒரு குறிப்பிட்ட மதத்தை மட்டும் தனியாக மதிக்கிறது என்ற எண்ணத்தைப் பொதுமக்களிடம் உண்டாக்குவதுதான் பெரியது என்று பார்த்தார்கள். 2001 முதல் 2006 வரை ஆண்டுதோறும் போன பிரதமர் கோய்சுமியின் வருகை அரசியல் சட்டத்தை மீறியது என்று 2004இல் ஃபுகுவோகா மாவட்ட நீதிமன்றமும் 2005இல் ஒசாகா உயர் நீதிமன்றமும் சொல்லின. இழப்பீடு கேட்டவர்களின் வழக்கைத் தள்ளிவிட்டு, காரணம் சொல்லும் இடத்தில் இதைச் சொன்னார்கள். 2006இல் வந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சரியா தப்பா என்ற கேள்விக்குள்ளேயே போகவில்லை. உச்ச நீதிமன்றம் வாயைத் திறக்காத வரை போகலாம் என்று நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள். சட்டம் இயற்றுகிறவர்களுக்கு இது போதுமான பதிலா?

சரி, இனி அங்கே யார் இருக்கிறார்கள் என்பதற்கு வருகிறேன். 24 லட்சத்து 66 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தெய்வங்களாக அங்கே பெயர் எழுதப்பட்டிருக்கிறார்கள். உடலோ சாம்பலோ கிடையாது, பெயர்கள் மட்டும்தான். அந்தப் பெயர்களை ஆலயத்துக்குத் திரட்டிக் கொடுத்தது போருக்குப் பிந்தைய உங்கள் நலத்துறை அமைச்சகம். மதத்தையும் அரசையும் பிரித்துவிட்டதாகச் சொன்ன நாட்டில் ஓர் அமைச்சகம் உட்கார்ந்து தெய்வங்களின் பட்டியலைத் தயாரித்திருக்கிறது. 1966இல் அந்த அமைச்சகமே, போரைத் திட்டமிட்டு நடத்தியதாகக் குற்றம் சாட்டப்பட்ட முதல் நிலைப் போர்க் குற்றவாளிகளின் பெயர்களையும் அனுப்பியது. அப்போதிருந்த தலைமைக் குருக்கள் சுகுபா அதை நிறைவேற்றாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். அவருக்குப் பின் வந்த மட்சுதைரா 1978 அக்டோபர் 17 அன்று பதினான்கு பேரைச் சத்தமில்லாமல் சேர்த்தார். நாட்டுக்கே அது அடுத்த ஆண்டு ஏப்ரலில்தான் தெரிந்தது.

அந்த ஆலயமே பேரரசர் வந்து வணங்குவதற்காக உண்டானது. ஹிரோஹிட்டோ போருக்குப் பின் எட்டு தடவை போயிருக்கிறார், கடைசியாக 1975 நவம்பரில். அப்புறம் போகவே இல்லை. பதினான்கு பேரைச் சேர்த்ததுதான் காரணம் என்று அவர் சொன்னதை அரண்மனை அதிகாரி தொமிதா குறித்து வைத்திருந்தது 2006இல் வெளியானது. அவர் மகன் அகிஹிட்டோ பேரரசராக இருந்த காலம் முழுவதும் போகவில்லை. எந்தப் பேரரசரின் பெயரால் அந்த இளைஞர்கள் இறந்தார்களோ அவரே விலகி நின்ற வாசலில் நீங்கள் வரிசையில் நிற்கிறீர்கள். லெய்தே தீவில் தந்தையை இழந்தவரும் போரில் இறந்தவர்களின் குடும்பச் சங்கத்துக்குத் தலைவராக இருந்தவருமான கோகா மகோத்தோ, அந்தப் பதினான்கு பேரைப் பிரித்து வேறிடத்தில் வைக்கலாம் என்று சொன்னார். அவர் உங்களில் பலருடைய கட்சிக்காரர். இறந்த வீரனின் மகன். அவரைவிட நெருக்கமாக இந்த விஷயத்தைப் பேச யாருக்கு உரிமை இருக்கிறது?

அந்தப் பதினான்கு பேரில் போர்க்காலப் பிரதமர் தோஜோவை எல்லோருக்கும் தெரியும். எனக்கு இன்னொரு பெயர் முக்கியம்: கிமுரா ஹெய்தாரோ. ரயில் பாதை போட முடிவான காலத்தில் அவர் போர்த்துறைத் துணை அமைச்சர். சட்டம் தடுத்த வேலைகளில் கைதிகளைப் பயன்படுத்த அவர் ஒப்புதல் கொடுத்தார் என்று, போருக்குப் பின் நேசநாடுகள் நடத்திய தோக்கியோ விசாரணையின் தீர்ப்பு சொல்கிறது. அதற்கு எடுத்துக்காட்டாக அந்தத் தீர்ப்பு காட்டுவதே பர்மா-சயாம் ரயில் பாதையைத்தான். பின்னாளில் அவர் பர்மாவில் படைத் தலைவராகவும் இருந்தார். 1948 டிசம்பர் 23 அன்று தூக்கிலிடப்பட்டார். இன்றைக்கு அவர் யாசுகுனியில் ஒரு தெய்வம். 1959 முதல் அங்கே சேர்க்கப்பட்ட கீழ்நிலைப் போர்க் குற்றவாளிகளிலும் இந்தப் பாதைக் கொடுமைகளுக்காகத் தண்டிக்கப்பட்டவர்கள் உண்டு. ஷிந்தோ நம்பிக்கையில் இறந்தபின் குற்றம் கழுவப்பட்டுவிடும் என்று எனக்கு விளக்கியிருக்கிறார்கள். அது உங்கள் நம்பிக்கை, நான் அதோடு மல்லுக்கு நிற்கவில்லை. ஆனால் ஓர் அரசாங்கத்துக்கு அப்படி ஒரு நம்பிக்கை இருக்கக் கூடாது. 1995இல் பிரதமர் முராயாமா வெளியிட்ட அறிக்கையில் ஆசிய மக்களுக்கு இழைத்த துன்பத்துக்காக மனமார மன்னிப்புக் கேட்டது அரசாங்கம். அதே அரசாங்கத்தின் அமைச்சர் கிமுராவுக்கு முன்னால் தலை குனிந்தால், இரண்டில் எதை நாங்கள் நம்புவது?

ஆலய வளாகத்திலேயே யூஷூகான் என்ற போர் அருங்காட்சியகம் இருக்கிறது. நுழைவுக் கூடத்தில், சீட்டு வாங்காமலே பார்க்கக்கூடிய இடத்தில், கறுப்பு நிறத்தில் பளபளவென்று துடைத்து ஒரு நீராவி எஞ்சின் நிற்கிறது. சி56 வகை, எண் 31. 1936இல் செய்தது. அந்த வகையில் தொண்ணூறு எஞ்சின்களைத் தென்கிழக்காசியாவுக்கு அனுப்பினார்கள். 1943இல் சயாம் பாதையின் திறப்பு விழாவில் ஓடியது இந்த எஞ்சின்தான். தாய்லாந்து ரயில்வே அதற்கு ஓய்வு கொடுத்தபின், பழைய ரயில்படை வீரர்கள் பணம் திரட்டி 1979இல் ஊருக்குக் கொண்டுவந்து யாசுகுனியில் நிறுத்தினார்கள். நான் அந்தக் கூடத்தில் நின்றிருக்கிறேன். பள்ளிப் பிள்ளைகள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அந்த எஞ்சின் எத்தனை பெருமையோடு மீட்கப்பட்டது என்ற கதை அங்கே இருக்கிறது. அது ஓடிய தண்டவாளத்துக்குக் கட்டை சுமந்து செத்தவர்களின் கதை இல்லை. கட்டைக்கு ஒரு பிணம் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். இரும்பைக் கடல் கடந்து ஊருக்குக் கொண்டுவர ஒரு நாட்டுக்கு மனம் இருந்திருக்கிறது, அந்த இரும்பின் கீழே கிடப்பவர்களின் பெயரைக் கேட்க மனம் வரவில்லை. என்னால் இதை ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

உங்களில் சிலர் தோக்கியோ விசாரணையில் அமர்ந்த இந்திய நீதிபதி ராதாவினோத் பாலைச் சுட்டிக்காட்டலாம். அவருக்கு யாசுகுனியில் 2005இல் நினைவுக் கல் எழுப்பியிருக்கிறீர்கள். ஒரு இந்தியரே எல்லோரையும் விடுவிக்கச் சொன்னாரே என்று கேட்கலாம். அவர் மறுத்தது வெற்றி பெற்றவர்கள் தங்கள் வசதிக்குப் பின்தேதியிட்டுச் சட்டம் செய்து தண்டிப்பதை. ஜப்பானியப் படைகள் பொதுமக்களுக்கும் கைதிகளுக்கும் செய்த கொடுமைகளுக்கான சாட்சியம் மறுக்க முடியாத அளவுக்கு இருக்கிறது என்று அதே தீர்ப்பில் அவர் எழுதியிருக்கிறார். கல்லை வைத்தவர்கள் அதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

எங்கள் கதையும் ஒரே நிறத்தில் இல்லை என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். நேதாஜி 1943இல் சிங்கப்பூருக்கு வந்தபோது அதே தோட்டங்களிலிருந்து தமிழ்ப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள், பெண்கள் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி பிடித்தார்கள். அந்த ராணுவத்தினர் உங்கள் படையோடு தோளோடு தோள் நின்று இம்பால் வரை போனார்கள். தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில், ஒரே லயத்தில் ஒரு வீட்டுப் பிள்ளை விடுதலைப் படையில் இருந்தான், அடுத்த வீட்டுத் தகப்பன் சயாமில் செத்துக்கொண்டிருந்தான். நேதாஜியின் அஸ்தி என்று போற்றப்படுவது தோக்கியோவின் ரென்கோஜி கோயிலில் இருக்கிறது. நேருவும் இந்திரா காந்தியும் வாஜ்பாயும் அங்கே போய் வணங்கியிருக்கிறார்கள். ஆகவே ஜப்பான் மேல் வெறுப்பில் வளர்ந்தவர்கள் என்று எங்களை ஒதுக்கிவிட முடியாது. மலாயாவில் வெள்ளைக்காரன் தோட்டத்தில் எங்களை எப்படி வைத்திருந்தான் என்பதும் எங்களுக்கு நன்றாகவே தெரியும்.

கண்டன அறிக்கை விடும் அரசுகளுக்குச் சொந்தக் கணக்குகள் இருக்கின்றன என்று நீங்கள் சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். யாசுகுனி அவர்களுக்கு ஒரு துருப்புச் சீட்டாகவும் பயன்படுகிறது. ஆனால் எங்களுக்காக அறிக்கை விட எந்த அரசும் இல்லை. 1967 செப்டம்பரில் மலேசியாவும் ஜப்பானும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்படி 294 கோடி யென் மதிப்புக்குக் கப்பல்கள் வந்தன, போர்க் காலக் கணக்கு முடிந்தது என்றார்கள். தோட்டத்து லயங்களுக்கு அதிலிருந்து ஒன்றும் வந்து சேரவில்லை. இந்தியாவுக்கு நாங்கள் மலாயாக் கூலிகள், மலாயாவுக்கு நாங்கள் வந்தேறிகள், பிரிட்டிஷாருக்குத் தங்கள் வீரர்களைத் தேடுவதே பெரிய வேலையாக இருந்தது. காஞ்சனபுரியில் போர்க் கைதிகளின் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ ஏழாயிரம் கற்கள் வரிசையாக நிற்கின்றன, புல் ஒழுங்காக வெட்டியிருக்கும். அந்த ஊரிலேயே 1944இல் உங்கள் ரயில்படை எழுப்பிய ஒரு நினைவுத் தூணும் இருக்கிறது. அதில் தமிழிலும் ஒரு பலகை பதித்திருக்கிறார்கள். போர் முடியும் முன்னரே, பாதை போட்ட பொறியாளர்களுக்கே, தமிழர்கள் அங்கே செத்தார்கள் என்று எழுதிவைக்கத் தோன்றியிருக்கிறது. 2023இல் தமிழர்கள் தாங்களே சேர்ந்து அங்கே ஒரு கோயில் வளாகத்தில் நடுகல் நட்டார்கள். எண்பது ஆண்டு கழித்து எழுந்த அந்தக் கல்லிலும் எல்லாருடைய பெயரையும் எழுத முடியாது. பெயர்கள் எங்களிடம் இல்லை.

யாசுகுனியில் பெயர் இருப்பதே வலியாகிப் போனவர்களும் உண்டு. ஏறத்தாழ 21,000 கொரியர்களும் 28,000 தைவான்காரர்களும் அங்கே தெய்வங்களாக இருக்கிறார்கள். கட்டாயப்படுத்திப் படைக்கு இழுக்கப்பட்ட தகப்பனின் பெயரை எடுத்துவிடுங்கள் என்று பிள்ளைகள் கேட்டால், ஒன்றாகக் கலந்த ஆன்மாக்களைப் பிரிக்க முடியாது என்று ஆலயம் சொல்கிறது. ஒரு மத நிறுவனத்தின் நம்பிக்கையில் அரசு தலையிட முடியாது என்று அரசு சொல்கிறது. காலம் கடந்துவிட்டது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அவர்களின் வழக்கைத் தள்ளிவிட்டது. கொரியக் குடும்பங்கள் கேட்கும்போது உயரமாக எழும்பும் அந்த மதச் சுவர், அமைச்சர் காணிக்கை கொடுக்கப் போகும்போது மட்டும் தாழ்ந்துவிடுவது எப்படி? ஒரு கிறிஸ்தவப் பெண், ஜப்பானின் இன்றைய ராணுவமான தற்காப்புப் படையில் பணியாற்றி விபத்தில் இறந்த தன் கணவரை யமகுச்சி ஆலயத்தில் தெய்வமாகச் சேர்த்ததை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் போராடினார். 1988இல் உச்ச நீதிமன்றம் அவரைச் சகித்துக்கொள்ளச் சொன்னது. சகிக்க வேண்டியது எப்போதும் மதத்தால் சிறியவர்கள்தானா?

எல்லா நாடும் போரில் இறந்தவர்களை வணங்குகிறதே, அமெரிக்க அதிபர் ஆர்லிங்டன் ராணுவக் கல்லறைக்குப் போவதில்லையா என்பது நீங்கள் அடிக்கடி எடுக்கும் வாதம். ஆர்லிங்டனில் கல்லின் மேல் எந்த மதச் சின்னம் வேண்டும் என்று குடும்பம் தேர்ந்துகொள்ளலாம். சிங்கப்பூரின் கிராஞ்சி போர் நினைவிடத்தில் 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள் செதுக்கிய சுவர்களில் இந்துவும் முஸ்லிமும் சீக்கியரும் கிறிஸ்தவரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். அங்கே போகும் தலைவர் எந்த மதத்துக்குள்ளும் நுழைய வேண்டியதில்லை. ஆர்லிங்டனை எடுத்துக்காட்டும் உங்களுக்கு 2013 அக்டோபரில் நடந்தது நினைவிருக்கும். அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கெர்ரியும் பாதுகாப்பு அமைச்சர் ஹேகலும் தோக்கியோவுக்கு வந்தபோது யாசுகுனியைத் தாண்டிப் போய் சிதோரிகாஃபுச்சி என்ற அரசுக் கல்லறையில் மலர் வைத்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் பிரதமர் ஆபே யாசுகுனிக்குப் போனபோது, ஏமாற்றம் அடைந்ததாக அமெரிக்கத் தூதரகம் அறிக்கை விட்டது.

சிதோரிகாஃபுச்சி யாசுகுனியிலிருந்து நடந்து போகும் தூரம். 1959இல் அரசு அமைத்த கல்லறை அது. அடையாளம் தெரியாத 3,70,000க்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் அங்கே இருக்கின்றன. உண்மையான உடல்கள். எந்த மதச் சடங்கும் கட்டாயமில்லை. யாசுகுனியில் தொலைக்காட்சிக் கேமராக்கள் நெருக்கியடிக்கும் நாளிலும் அங்கே அவ்வளவு கூட்டம் இருக்காது. ஒகினாவாவில் 1995இல் எழுப்பிய அமைதிக் கற்களில் 2,40,000க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. ஜப்பானிய வீரன், ஒகினாவாப் பாட்டி, அமெரிக்கச் சிப்பாய், கொரியக் கூலி என்று அந்தப் போரில் அங்கே செத்த எல்லோரும். புதிதாகப் பெயர் தெரிய வந்தால் இன்றும் செதுக்குகிறார்கள். உங்கள் நாட்டிலேயே, உங்கள் மக்களே செய்து காட்டிய காரியம் அது. யாருக்கும் தலைகுனிவு வரவில்லை.

2002 டிசம்பரில் அமைச்சரவைத் தலைமைச் செயலர் ஃபுகுதா அமைத்த ஆலோசனைக் குழு, மதம் சாராத தேசிய நினைவிடம் ஒன்று தேவை என்று அறிக்கை கொடுத்தது. அந்த அறிக்கையை யாரும் கையில் எடுக்கவில்லை. உங்களிடம் நான் கேட்பதில் முதலாவது, அதைத் திரும்ப எடுத்து நாடாளுமன்றத்தில் விவாதிக்க வேண்டும் என்பதுதான். நினைவிடம் எழுந்தால் அதில் உங்கள் வீரர்களோடு உங்கள் போரில் வேலை வாங்கப்பட்டு இறந்த ஆசியர்களுக்கும் இடம் இருக்க வேண்டும். அது வரைக்கும் அரசின் பெயரால் வணங்கப் போகிறவர்கள் சிதோரிகாஃபுச்சிக்குப் போகட்டும். யாசுகுனியில் உங்களுக்கு நம்பிக்கை இருந்தால் ஒரு சாதாரண நாளில், பதவியை எழுதாமல், குழுவாக அணிவகுக்காமல், கேமராவுக்குச் சொல்லிவிடாமல் போங்கள். அந்தப் போக்கை எதிர்த்து என்னைப் போன்றவர்கள் ஒரு வார்த்தை சொல்ல மாட்டோம்.

அந்த எஞ்சினைப் பற்றியும் கேட்கிறேன். அருங்காட்சியகம் தனியாருடையது, அரசு உத்தரவு போட முடியாது என்பது தெரியும். போடவும் வேண்டாம். ஆனால் ஆண்டுக்கு மூன்று தடவை போகும் பக்தர்கள் நீங்கள். உங்கள் பேச்சை ஆலயம் கேட்கும். இந்தப் பாதையைப் போட்டு ஆசியத் தொழிலாளர்களும் போர்க் கைதிகளும் ஒரு லட்சம் பேர் அளவுக்கு இறந்தார்கள் என்று ஒரு பலகை அந்த எஞ்சினுக்கு முன்னால் வைக்கச் சொல்லுங்கள். ஜப்பானியத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தால் போதும். தமிழில் வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை.

கடைசியாக, பெயர்கள். தோட்டம் தோட்டமாகத் தலைக்கணக்குக் கேட்டவர்கள், ரயிலில் ஏற்றி எண்ணியவர்கள், முகாமில் அரிசி அளந்தவர்கள் உங்கள் ராணுவத்தினர். சரணடைவதற்கு முன் நிறையக் காகிதங்களை எரித்தார்கள் என்பது தெரிந்ததுதான். எரியாமல் தப்பியவை இருக்கலாம். பாதுகாப்பு அமைச்சகத்தின் ஆவணக் காப்பகத்திலும், போரில் இறந்தவர்களின் பட்டியலை யாசுகுனிக்குத் தயாரித்துக் கொடுத்த அமைச்சகத்திலும், ரயில்படை வீரர்களின் குடும்பங்களிலும் மலாயாத் தொழிலாளர் பதிவுகள் என்ன இருக்கின்றன என்று நாடாளுமன்றத்தில் ஒரு கேள்வி எழுப்புங்கள். எழுத்தில் பதில் வாங்குங்கள். இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயரை ஒவ்வொன்றாகத் திரட்டத் தெரிந்த அரசு இயந்திரத்துக்கு இது முடியாத வேலை இல்லை. இங்கே முதியவர்களிடம் கேட்டு எழுதிவைத்த பட்டியல்கள் எங்களிடம் கொஞ்சம் இருக்கின்றன. தோட்டத்தின் பெயர், தகப்பன் பெயர், போன ஆண்டு என்று அந்த அளவுக்குத்தான் இருக்கும். சரிபார்க்க அவற்றைத் தரத் தயாராக இருக்கிறோம்.

இலையுதிர்கால விழா அக்டோபர் 17 அன்று தொடங்குகிறது. தண்டவாளத்தின் இரண்டு முனைகளும் சேர்ந்ததும் அதே தேதி, பதினான்கு பேரைச் சேர்த்ததும் அதே தேதி. இது தற்செயல்தான், இதற்குள் பொருள் எதையும் நான் தேடவில்லை. ஆனால் அடுத்த விழாவுக்குக் கிளம்பும் முன், அந்தக் கேள்வியை நாடாளுமன்றத்தில் பதிவு செய்துவிட்டீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பதிலுக்காக இங்கே குடும்பங்கள் காத்திருக்கின்றன.

இப்படிக்கு,
மலேசியாவிலிருந்து,
சயாமுக்குப் போய்த் திரும்பாத ஒருவரின் தம்பி பேரன்